ருமேனியாவில் படிக்கும் மகன்

ஓய்வுபெற்ற நான், போன மாதம் என் சாவியைத் திருப்பிக் கொடுக்க ஒஸ்லோவில் உள்ள நம் புள்ளிவிவர அலுவலகத்துக்கு வந்திருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து வந்து உங்களோடு புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் என்னை லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொண்டார். "சார், வீட்ல பையன் இல்லன்னா அவங்க அப்பாகிட்டயே கேட்டு ஃபில் பண்ணிடலாம்ல? டைம் மிச்சமாகும்ல?" என்று கேட்டார். "செய்யலாம், படிவத்தில அதுக்கு ஒரு பெட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு நான் லிஃப்டில் ஏறிவிட்டேன். அடப்பாவி, இவ்வளவு பட்ட பிறகும் இப்படியொரு பதிலையா சொல்லிவிட்டு வந்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இது. மற்றவர்களும் வாசியுங்கள்.

படிவத்தை எப்படி நிரப்புவது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரேயொரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த வீட்டாரின் சம்மதத்தோடு, பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். மகனை நிரோசன் என்று வைத்துக்கொள்வோம்.

அப்போது எங்கள் பிரிவுக்கு வந்த வேலை, ஒஸ்லோவிலும் சுற்றுப்புறத்திலும் வளர்ந்த இரண்டு சமூகத்துப் பிள்ளைகளை ஒப்பிடுவது. ஒரு பக்கம் ருமேனியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். மறுபக்கம் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள். என்ன படித்தார்கள், என்ன வேலை பார்க்கிறார்கள், யாரோடு பழகுகிறார்கள், இந்த நாட்டில் கால் ஊன்றிவிட்டதாக நினைக்கிறார்களா என்று அரசாங்கப் பதிவேடு சொல்லாததையெல்லாம் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். தமிழ் வீடுகள் எனக்கு. ருமேனிய வீடுகள், அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த என் சக ஊழியர் ஒரு பெண்ணுக்கு.

மதிய நேரத்தில் இரண்டு பேரும் பாண் துண்டைக் கடித்தபடி எங்கள் படிவக் கட்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். என் கட்டில் பொறியியலாளர், பல் வைத்தியர், வங்கி. அவர் கட்டில் சாமான் கிடங்கு, கட்டட வேலை, ஹோட்டல் சமையலறை, 'திரும்பிப் போய்விட்டான்'. எனக்குத் தலைக்கனம் ஏறியது என்பதை மறைக்க மாட்டேன். எங்கட பிள்ளையள் எங்கட பிள்ளையள்தான் என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ஒருநாள் அவர் கேட்டார், "உங்கள் ஆட்களிடம் சறுக்கி விழுந்த பிள்ளை ஒன்றுகூட இல்லையா?" நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் பிரிவுத் தலைவி அதிகம் பேசாத நோர்வேஜியப் பெண்மணி. என் கட்டை வாங்கிப் புரட்டினார். ஒவ்வொரு படிவத்தின் மூலையிலும் இருக்கும் சின்னப் பெட்டியில் விரலை வைத்தார். "பதில் சொன்னது யார்?" என்று கேட்டார். பாதிக்கு மேல் 'வேறொருவர்' என்பதில் நான்தான் பெருக்கல் குறி போலப் புள்ளடி போட்டிருந்தேன். பிள்ளை வேலைக்குப் போயிருக்கும், தகப்பன் இருப்பார், தகப்பனிடம் கேட்டுவிடுவேன். எங்கள் வீடுகளில் தகப்பனுக்கு எல்லாம் தெரியும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். "நல்லது. பிள்ளையையும் கூப்பிட்டுக் கேளுங்கள்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வெள்ளைக்காரி எங்கள் பிள்ளைகள் முன்னேறியதை நம்பமாட்டேன் என்கிறாள் என்று நினைத்தேன். இந்த வீடுகள் எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, ஒரு பிள்ளையையும் கூப்பிடாமல் இருந்துவிட்டேன்.

அந்தக் கட்டுக்குள் இருந்த ஒரு படிவம் ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் இருந்த ஒரு வீட்டுடையது. தகப்பன் ஆரம்பத்தில் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்று, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பஸ் சாரதியானவர். நான் போன அன்று வியாழக்கிழமை. என்னை இருத்திவிட்டு, சுவரில் இருந்த படத்தைத்தான் முதலில் காட்டினார். வெள்ளைக் கோட்டோடு மகன் நிற்கும் படம்.

"நிரோசன் ருமேனியாவில மெடிசின் படிக்கிறார், அண்ணை. மூண்டாம் வருசம். எழுதுங்கோ."

எழுதினேன். உயர்கல்வி, மருத்துவம், வெளிநாடு. இங்கே மருத்துவத்துக்கு இடம் கிடைக்காத எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பக்கம் போய்ப் படிப்பது தெரிந்ததுதானே. நான் எழுதிக்கொண்டிருந்தபோது தாய் தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பக் குசினிக்குள் போய், நீல மூடி போட்ட ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் புட்டு அடைத்துக்கொண்டிருந்தார். தகப்பனின் வேலைக்குச் சாப்பாடாக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனா என்றுகூடத் தெரியாது, பார்த்தேன், அவ்வளவுதான்.

புறப்படும்போது தகப்பன் வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினார். "ஈஸ்டர் லீவுக்கு நாங்கள் ரெண்டுபேரும் அங்கை போறம். மனிசி டிக்கெட் எடுத்திட்டா. பெடியனுக்குச் சொல்லேல்லை. திடீரெண்டு போய் முன்னால நிக்கப்போறம்." ஃப்ரிட்ஜ் கதவில் பயணச்சீட்டின் அச்சுப் பிரதி காந்தத்தில் தொங்கியது. நல்ல விஷயம், தம்பி துள்ளிக் குதிக்கப்போகிறார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் போனது. ஒஸ்லோவுக்கு வெளியே ஸ்ட்ரோம்மனில், இங்கே வளர்ந்த ருமேனியப் பிள்ளை ஒருவனும் கட்டட வேலை செய்யும் ருமேனியர் சிலரும் சேர்ந்து இருந்த வீடு ஒன்று என் சகாவின் பட்டியலில் இருந்தது. அப்படிப்பட்ட கூட்டு வீடுகளுக்குத் தனியாகப் போகக்கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். போகிற வழியில், "அந்த வீட்டில் ஒருவன் இருக்கிறானாம். எல்லாருடைய அரசாங்கக் கடிதங்களையும் அவன்தான் வாசித்துச் சொல்வானாம். கெட்டிக்காரன்" என்றார்.

கதவைத் திறந்தது அந்தக் கெட்டிக்காரன். சுண்ணாம்புத் தூசி படிந்த வேலைக் காற்சட்டை. ரொம்மன் வீட்டுச் சுவரில் வெள்ளைக் கோட்டோடு நின்ற அதே முகம்.

மூன்றாம் வருட மருத்துவ மாணவன், தாய் தகப்பன் இருக்கும் இடத்திலிருந்து அரை மணித்தியாலத்துக்குள், உள்ளே எட்டிப் பார்த்து யாருக்கோ ருமேனிய மொழியில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்! என் சகா தன்னை அறிமுகம் செய்துகொண்டிருந்தார். எனக்கு ஒரு வார்த்தை காதில் விழவில்லை. என்னையறியாமல் "நிரோசனோ?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். பிழை நம்பர் ஒன்று. நான் அவனை அறிந்திருக்கக்கூடாது.

"அங்கிள், நீங்கள் ஆர்?"

சொன்னேன். ஒரு ஆய்வுக்காக வீடுகளுக்குப் போகிறவன் என்று மட்டும் சொன்னேன். அவன் என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனான். கதவைச் சாத்தினான்.

"அங்கிள், அப்பாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. உங்களுக்கு தௌஸ்ஹெட்ஸ்ப்ளிக்ட் இருக்கெல்லே, வாய் திறக்கேலாது உங்களுக்கு." இங்கே பிறந்த பிள்ளை, எங்கள் இரகசியம் காக்கும் கடமையை நோர்வேஜிய மொழியில் சொல்லி என் தலையிலேயே அடித்தான். "முதல் வருசம் பாஸ் பண்ணினனான். ரெண்டாம் வருசம் என்னால முடியேல்லை. திரும்ப எழுதியும் சரிவரேல்லை. விட்டிட்டு வந்திட்டன். அப்பா ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டார், கோயிலில சொல்லிப்போட்டார். அவற்றை முகத்தை எப்பிடிப் பாக்கிறது? அங்கை பழகின பெடியள் இஞ்சை வேலைக்கு வந்தாங்கள், நானும் அவங்களோடை சேந்திட்டன். புதுக் கட்டடங்களுக்கு ஜன்னல் பூட்டுறம். இப்ப நான்தான் குழுவுக்குப் பொறுப்பு. நல்லா இருக்கிறன், அங்கிள். இது ஒண்டைத் தவிர."

பேசிக்கொண்டே, வந்தவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற எங்கள் பழக்கத்தில், ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மீன் கட்லட் நீட்டினான். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். டப்பாவின் மூடி நீலம். அதைக் கண் பார்த்தது. மண்டைக்குள் போகவில்லை.

ஏனென்றால் என் மண்டைக்குள் அப்போது அந்தப் பயணச்சீட்டு ஒன்றுதான் இருந்தது. ஈஸ்டருக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்தத் தாயும் தகப்பனும் பெட்டியோடு போய், தெரியாத ஊரில், மகன் இல்லாத அறைக் கதவைத் தட்டப்போகிறார்கள். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது: தம்பி, உன்ரை அப்பா அம்மா அங்கை போகினம், ஓடிப்போய் மறியடா. வாயைத் திறந்தேன். அவர்கள் வீட்டில் கேட்டதை இவனிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இவன் வீட்டில் கண்டதை அவர்களிடம் சொல்லவும் உரிமை இல்லை. திறந்த வாய்க்குள் இன்னொரு கட்லட்டைப் போட்டு மூடினேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், வேறு வழி தெரியவில்லை.

அடுத்தநாள் காலையில் தலைவியின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டு வாசலில் இறக்கிவைக்க முடியாது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். இது காகிதம் இல்லை, ஒரு தாய் அந்நிய நாட்டில் நடுத்தெருவில் நிற்கப்போகிறாள், உங்களுக்கு மனம் என்று ஒன்று இருக்கிறதா என்றெல்லாம் கேட்டேன். முப்பது வயதில் கேட்டிருந்தாலும் பரவாயில்லை, ஓய்வுபெற நாள் பார்த்துக்கொண்டிருந்த வயதில் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. என் கட்டை எடுத்து, ரொம்மன் படிவத்தைத் தேடி, மேசையில் வைத்தார்.

"இதில் பதில் சொன்னது யார்?"

இரண்டு வாரத்துக்கு முன்பு கேட்ட அதே கேள்வி. அன்றைக்கே நான் அவர் சொன்னதைக் கேட்டு, மகன்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தகப்பனிடம் சொல்லியிருந்தால், தகப்பன் மகனைக் கூப்பிட்டிருப்பார், ஏதோ ஒன்று அசைந்திருக்கும். யாருடைய இரகசியமும் உடைந்திருக்காது. என் அகம்பாவத்தால் அந்தப் படிவம் இரண்டு வாரம் சும்மா கிடந்திருக்கிறது. ஒருவர் சொன்ன விஷயத்தை நான் வெளியே விடக்கூடாது. ஆனால் பதிலை உரியவரிடமே கேட்க வேண்டும் என்று யாரிடமும் வற்புறுத்தலாம். அதைத்தான் அவர் சொல்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது.

அங்கேயே நின்று தகப்பனுக்கு ஃபோன் எடுத்தேன். "அண்ணை, அண்டைக்கு நான் விட்ட பிழை. நீங்கள் சொன்ன பதிலை எடுக்கேலாது. தம்பிதான் சொல்ல வேணும். என்னோடை கதைக்கச் சொல்லுங்கோ, ஈஸ்டருக்கு முன்னம்."

அந்தப் பக்கம் பஸ் கதவு மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "அவருக்கு எக்ஸாம்" என்றார்.

"எக்ஸாம் எண்டாலும் அஞ்சு நிமிசம் காணும்."

"ஃபோனில வேண்டாம், அண்ணை. ரெண்டு மணிக்கு எனக்கு பிரேக். பஸ் நிக்கிற இடத்துக்கு வாங்கோ."

போனேன். கடைசித் தரிப்பில் வெறும் பஸ். என்னை ஏற்றிக் கதவை மூடிவிட்டு, சாரதி ஆசனத்தை விட்டு எழும்பாமல், முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

"அவர் அங்கை இல்லை, அண்ணை. எனக்குத் தெரியும்."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"போன மாரியில ஸ்ட்ரோம்மனில வைச்சு என்ரை பஸ்ஸில ஏறினவர். தொப்பியை இழுத்து விட்டிருந்தவர், டிரைவர் ஆரெண்டு பாக்கேல்லை. கடைசி சீற்றில போய் இருந்து நித்திரையாப் போனார். வேலை செய்து களைச்ச பிள்ளை. நான் கண்ணாடியில பாத்துப் பாத்துத்தான் பஸ்ஸை ஓட்டினனான். இறங்கேக்கை 'டேய்' எண்டு கூப்பிட வாயெடுத்தன். வரேல்லை." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்குப் பிறகும் எல்லாரிட்டையும் மூண்டாம் வருசம் எண்டுதான் சொல்லிக்கொண்டு திரியிறன். உங்களிட்டையும் சொன்னனான். மனிசிக்கு ஒண்டும் தெரியாது. தெரிஞ்சால் உடைஞ்சு போவா. இப்ப டிக்கெட்டை எடுத்து வைச்சுக்கொண்டு நிக்கிறா. நான் அதை எப்பிடி நிப்பாட்டுறது?"

ஒரு தகப்பன் பெருமைக்குப் பொய் சொல்வது எனக்குப் புதிதல்ல. உண்மையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பஸ்ஸை ஓட்டி, இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய் வெள்ளைக் கோட்டுப் படத்தைத் துடைத்து வைத்த மனிதனை நான் அதற்கு முன் கண்டதில்லை. என்னால் அவருக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான் இருந்தது. "அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கோ. கேட்டால் சொல்லுவார்" என்றேன். பிரேக் முடிந்தது. இறங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து என் கட்டில் 'வேறொருவர்' என்று புள்ளடி போட்ட எல்லா வீடுகளுக்கும் திரும்பப் போகத் தொடங்கினேன். என் சகாவும் தன் கட்டை எடுத்துக்கொண்டு போனார். இரண்டாவது அதிர்ச்சி அதில் கிடைத்தது. என் பக்கம் பிள்ளைகளே பேசத் தொடங்கியபோது, படிப்பை விட்டவர்கள், வேலை இல்லாதவர்கள், வீட்டோடு பேச்சில்லாதவர்கள் வெளியே வந்தார்கள். அவர் பக்கம் நேர்மாறாக, 'சும்மா கிடங்கில் நிற்கிறான்' என்று தாய் சொன்ன பையன் சொந்தமாக ஆட்களை வைத்து வேலை நடத்திக்கொண்டிருந்தான். பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று அந்நியரிடம் சொன்னால் கண்பட்டுவிடும் என்று அந்தத் தாய்க்குப் பயம். எங்களுக்கும் கண்ணூறு நாவூறு என்ற பயம் இருக்கிறது, ஆனால் படிப்பு என்று வந்தால் மட்டும் அந்தப் பயம் எங்கோ ஓடிவிடுகிறது. இரண்டு சமூகத்துக்கும் நடுவில் நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெரிய இடைவெளியில் எவ்வளவு பிள்ளைகளால் வந்தது, எவ்வளவு பெற்றோரின் வாயால் வந்தது என்று எங்கள் இருவராலும் சொல்ல முடியவில்லை. அதை வைத்து ஒரு அறிக்கை போயிருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஈஸ்டருக்கு மூன்று நாள் இருக்கும்போது எனக்கு ஒரு ஃபோன் வந்தது.

"அங்கிள், நிரோசன் கதைக்கிறன். படிவத்துக்குப் பதில் சொல்லவேணுமாம். அப்பா எடுக்கச் சொன்னவர்."

படிவத்தின் முதல் கேள்வி எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான். கேட்டேன்.

"ரொம்மனில" என்றான். "வீட்டில இருக்கிறன், அங்கிள்."

பின்னால் தகப்பன் இருமுவது கேட்டது. சட்டி பானைச் சத்தம் கேட்டது. கேள்விகளையெல்லாம் கேட்டு எழுதினேன். தொழில் என்ற இடத்தில், ஜன்னல் பொருத்தும் குழுவுக்குப் பொறுப்பு என்று சொல்லும்போது அவன் குரலைத் தாழ்த்தவில்லை. முடிந்ததும், "அம்மா கதைக்கவேணுமாம்" என்று ஃபோனைக் கொடுத்தான்.

நான் அந்தத் தாயின் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அண்ணை, இவர் எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு உங்களுக்குச் சொன்னவராமே. பிள்ளை திரும்பி வந்தவுடனையே எனக்குச் சொல்லிப்போட்டார். ஒரு வருசமா வியாழக்கிழமையளில ஸ்ட்ரோம்மனுக்குச் சாமான் வாங்கப் போறன் எண்டிட்டுப் போய், பிள்ளைக்குச் சாப்பாடு குடுத்திட்டு வாறன். இவர் பிள்ளையை எங்கையோ கண்டிட்டார் எண்டதும் அண்டைக்கே எனக்கு விளங்கினது, ரெண்டு நாள் சாப்பிடேல்லை மனிசன். தகப்பனும் மகனும் ஆளுக்காள் ஒளிச்சுக்கொண்டு நிண்டினம். இவர் வாயைத் திறக்கட்டும் எண்டுதான் நான் டிக்கெட் எடுத்தனான்."

நீல மூடி. வியாழக்கிழமை. கட்லட். எல்லாம் என் முன்னால்தான் இருந்தது. கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "அக்கா, அண்டைக்கு நான் வீட்டை வந்து ஒரு மணித்தியாலம் இருந்தனே. ஒரு சொல் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்கள் என்னைக் கேக்கேல்லையே, அண்ணை."

இதை எழுதி முடித்ததும் அந்தத் தாயிடம் வாசித்துக் காட்டிச் சம்மதம் கேட்கப் போனேன். முழுக்கக் கேட்டார். "எழுதினது சரி, போடுங்கோ. ஒண்டு மட்டும் பிழை. அண்டைக்கு நான் அடைச்சது புட்டில்லை, இடியப்பம்" என்றார். மேலே நான் புட்டு என்று எழுதியிருப்பதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன், உரியவரைக் கேட்காமல் எழுதினால் என்னாகும் என்று நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக.